போர்க்களரி வைத்தியர் கலென்

விளையாட்டு மைதானத்திலே காயப்பட்டு வீழும் வீரனைத் தோளிற் சுமந்து செல்வதற்குப் பலர் ஓடி வருவர். அவன் ஏன் வீழ்ந்தான், அவனுடைய உறுப்பில் உண்மையாகக் கெட்டது எது, மீண்டும் களத்தில் இறங்க அவனுக்கு எத்தனை நாட் செல்லும் என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. நம் கல்லூரி மைதானத்தில் உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் ஆடிப் புகழீட்டிய பழைய மாணவர்களுள், மாரிகாலம் வந்ததும் முழங்காலில் நோவெண்ணெய் தடவிக்கொண்டு அக்காலப் பெருமையைப் பேசுவோர் இவ்வுண்மையை நன்கு அறிவர். இவ்வினாக்களை ஏறக்குறைய 1850 ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி, கண்ணாற் கண்டும் கையாற் செய்தும் விடை தேடி, தேடியவற்றை ஏட்டிலும் எழுதி வைத்தவர் ஒருவர் உளர். அவரே கலென் என்னும் கிரேக்க வைத்தியர். பேரரசர் அரண்மனையில் வைத்தியராய் வாழ்ந்தவர் என்றே உலகம் அவரைப் போற்றும். ஆயினும் அவருடைய கைக்குத் திறனளித்தது அரண்மனையன்று. குருதி தோய்ந்த மணற்களரியேயாம்.

இன்று துருக்கி நாட்டிற் பெர்காமா என வழங்கும் ஊர் அக்காலத்திற் பெர்கமு எனப் பெயர் பெற்று, உரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்துச் சிறந்த நகரங்களுள் ஒன்றாய் விளங்கியது. அங்கே 129ஆம் ஆண்டிற் கலென் பிறந்தார். தந்தையார் நிக்கோன் கட்டடக் கலைஞர், கணிதத்தில் வல்லவர், சினமென்பதை அறியாதவர். தாயாரோ பணிப்பெண்களைப் பல்லாற் கடிக்குமளவுக்குச் சினம் மிக்கவராம். இச்செய்தியை ஊரார் சொல்லவில்லை. மகனே தம் நூலில் எழுதி வைத்திருக்கின்றார். பெற்ற தாயைப் பற்றி இவ்வாறு எழுதலாமோ என்று நம்மவர் முகஞ் சுளித்தல் இயல்பே. எதையும் மறையாது எழுதுதல் அவருடைய குணம். பிற வைத்தியர்களை இகழும்போதும், தம்மைத் தாமே புகழும்போதும் அக்குணம் அளவு கடந்து நிற்பதைக் காணலாம்.

நிக்கோன் மகனுக்குக் கணிதமும் தத்துவமும் கற்பித்தார். கலெனுக்குப் பதினாறு வயதளவில், மகனை வைத்தியம் படிப்பிக்குமாறு தந்தையாரின் கனவிற் கட்டளை பிறந்தது. பெர்கமுவில் வைத்தியக் கடவுளாகிய அஸ்கிளேப்பியஸின் பெருங் கோயில் இருந்தது. நோயாளர் அங்குத் துயின்று, கனவிற் கண்டபடி மருந்துண்டு செல்வது வழக்கம். ஆகவே அக்கனவை அந்த ஊரார் வியப்பாகக் கொண்டிருக்கமாட்டார். சில ஆண்டுகளில் தந்தையார் இறந்தார். இளைஞர் தம் கையிற் கிடைத்த செல்வத்தைக் களியாட்டிற் செலவிடாது, ஆசிரியர்களைத் தேடிச் சிமிர்னாவுக்கும் கொரிந்துவுக்கும், ஈற்றிலே எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கும் சென்றார். மனித எலும்புக்கூட்டை மாணவர் கண்ணாற் கண்டு கற்கும் வாய்ப்பு அலெக்சாந்திரியாவில் இருந்தது. எலும்பியலைக் கற்க விரும்புவோன் வேறெதற்காக இல்லாவிடினும் இதற்காகவேனும் அந்நகர் செல்லல் வேண்டும் என்பது அவர் பிற்காலத்தில் மாணவர்க்குக் கூறிய அறிவுரை.

157ஆம் ஆண்டில், இருபத்தெட்டு வயதினராய் அவர் ஊர் திரும்பினார். பெர்கமுவின் தலைமைக் குருக்கள் விழாக்காலங்களிற் கிளாடியேற்றர் எனப்படும் வாள்மல்லர்களைப் பொருத வைப்பதுண்டு. அம்மல்லர்களிற் பெரும்பாலோர் அடிமைகளும் போரிற் சிறைப்பட்டோரும் குற்றவாளிகளுமாவர். ஒரு மல்லனைத் தேர்ந்து, பழக்கி, உணவூட்டி வளர்ப்பதற்குப் பெரும் பொருள் செல்லும். அவன் இறந்துபடின் அப்பொருள் மண்ணாகும். ஆதலால் அவர்களுக்கென ஒரு வைத்தியர் நியமிக்கப்பட்டார். அப்பதவியே இளைஞராகிய கலெனுக்குக் கிடைத்தது. முதிய வைத்தியர் பலர் இருக்க, இவரைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இவர் நடத்திய ஒரு சோதனை. குரங்கொன்றின் வயிற்றைக் கீறிக் குடலை வெளிப்படுத்தி, அதனை உள்ளே வைத்துத் தைக்க வல்லார் எவரேனும் உளரோ என்று அவையிலே அறைகூவினார். எவரும் முன்வரவில்லை. அவரே தைத்துக் காட்டினார். பின்னர்ப் பெரிய குருதிக் குழாய்களை அறுத்துப் பெருகும் குருதியை நிறுத்துமாறு கேட்டார். அதற்கும் விடையில்லை, அதையும் தாமே செய்து முடித்தார். உயிர்க்கொலை அஞ்சும் நம் மரபினர்க்கு இச்செயல் நெஞ்சை வருத்துவதே. அந்த வாயில்லாப் பிராணி பட்ட துன்பத்தை எந்தப் பயனும் நியாயமாக்கிவிடாது என்பதே என் கருத்து. ஆயினும் அச்சோதனையின் பின்னர் அவர் கையிற் பிழைத்தவர் மனிதரென்பதையும் மறுத்தற்கில்லை.

நான்காண்டுகளுக்கு மேலாக, ஒருவர்பின் ஒருவராய்த் தலைமைக் குருமார் பலரிடத்து அவர் அப்பணியைச் செய்தார். அவருக்கு முன்னர் காயப்பட்ட மல்லரிற் பலர் மடிந்தனர் என்றும், தம் காலத்தில் இறந்தோர் மிகச் சிலரே என்றும் அவரே எழுதியுள்ளார். தம்மைப் பற்றித் தாமே சொல்வதை முழுதும் நம்பலாமோ என்று கேட்பின், ஒருவர் மாறி ஒருவராய் வந்த குருமார் எல்லோரும் அவரையே வைத்துக்கொண்டனர் என்பதை விடையாகக் கூறலாம். பொருட் கணக்குப் பார்ப்பவர் வீண்புகழுக்கு மயங்கார்.

அவர் செய்த மாற்றங்கள் எவை? முன்னிருந்தோர் காயத்தை வெந்நீராற் கழுவி மாவுக் களிம்பு பூசுவது வழக்கம். கலென் அதனைக் கைவிட்டார். துவர்ப்பு மிக்க திராட்சை மதுவிலே துணியை நனைத்துக் காயத்தின்மேல் இட்டு, அது உலர்ந்துவிடாதபடி இரவு பகலாக நனைத்து வந்தார். நோய்க் கிருமிகளைப் பற்றி அக்காலத்தில் எவரும் அறியார், அவரும் அறியார். எனினும் மதுவிலுள்ள சாராயமும் புளிப்பும் கிருமிகளை அடக்குவன என்பதை இன்று நாம் அறிவோம். காரணம் தெரியாவிடினும் பயனைக் கண்டு பின்பற்றியமை அவருடைய கூர்ந்த நோக்குக்குச் சான்று.

இதனினும் பெரியது தசைகளைத் தைத்த முறை. குதிரைமேலிருந்து பொரும் மல்லர்க்குத் தொடையின் முற்புறத்திலே, முழங்காலுக்குச் சற்று மேலாகக் குறுக்கு வெட்டு விழுவதுண்டு. தசைநாரைத் தொட்டுத் தைத்தால் வலிப்பு உண்டாகும் என்று வைத்தியர் அஞ்சினர். ஆதலால் மேற்றோலை மட்டும் சேர்த்துத் தைத்து விடுவர். தோல் ஒட்டும், உள்ளே தசை பிளந்தே கிடக்கும், அக்கால் பின்னர் நேராக நீட்டவும் உதவாது. உடற்கூற்றைக் கற்றிருந்த கலென், தசையினுடைய நார் எது, நரம்பு எது எனப் பிரித்தறிந்து, ஆழத்தில் வெட்டுண்ட தசையின் இரு முனைகளையும் அஞ்சாது ஒன்று சேர்த்துத் தைத்தார். மல்லன் எழுந்து நடந்தான். பார்வைக்குக் காயம் மூடிவிட்டது என்பதும், உறுப்பு மீண்டும் தொழில் செய்கின்றது என்பதும் வெவ்வேறு என்னும் பேருண்மை இங்கே கைத்தொழிலாற் புலப்படுத்தப்பட்டது. இன்றும் விளையாட்டுக் காய ஆராய்ச்சியாளர் வலியுறுத்தும் ஒன்று உண்டு: முன்னொருகாற் காயப்பட்ட உறுப்பே மறுபடியும் காயப்படுதற்குப் பெரிதும் ஏதுவாகும், முற்றக் குணமாகாத தசையுடன் ஓட விடுவது அடுத்த முறிவுக்கு வழிகோலுவதாகும்.

வேறொரு மல்லனுக்கு வயிற்றிலே காயம். குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலம் வெளியே வந்து கெட்டுப் போயிற்று. கலென் அதனைப் பெரும்பாலும் வெட்டி நீக்கினார். அவன் விரைவிற் பிழைத்தெழுந்தான். ஆனால் அதன்பின் குளிரைத் தாங்கமாட்டாது, எந்நேரமும் வயிற்றிலே கம்பளி சுற்றியே திரிந்தான். இதனைக் கண்ட கலென், அப்படலம் வயிற்றுக்கு வெப்பமளிப்பது என்று முடிவு செய்து எழுதினார். முடிவு எவ்வாறாயினும், பிழைத்த நோயாளனைக் கைவிடாது பின்னும் கவனித்து, கம்பளித் துணியையுங் குறித்து வைத்த கண் போற்றத்தக்கது. இதயத்தில் வாள் தைத்தவர்களையும் அவர் கண்டார். இதய அறையைக் கத்தி துளைத்தால் உடனே இறப்பர். இதயத் தசையளவில் நின்றால் அன்று பகலும் அடுத்துவரும் இரவும் உயிர் தங்குவதுண்டு என எழுதினார். அவர்களுக்கு அவராற் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அருகிருந்து பார்த்தார் என்பதே அவ்வெழுத்திலிருந்து நாம் அறிவது.

மல்லர் உணவையும் அவர் நோக்கினார். வாற்கோதுமையும் அவரைக் கஞ்சியுமே அவர்க்கு நாள்தோறும் உணவு. வாற்கோதுமை உண்போர் என்பது அவர்களுக்கு உரோமர் இட்ட பட்டப்பெயர். இவ்வுணவாற் சதை பெருகுமேயன்றி இறுகாது என்பது கலெனின் கருத்து.

இங்கே ஒரு வினா நம் உள்ளத்தை உறுத்துகின்றது. குணப்படுத்தியது எதன் பொருட்டு? அடுத்த விழாவிலே மீண்டும் வெட்டுண்பதற்கன்றோ? தம் கையாற் தைத்த தொடையுடன் ஒருவன் களரிக்கு மீள்வதைக் கண்டு கலென் என்ன நினைத்தார் என்பதை நாம் அறியோம். ஆனால், மெய்வல்லுநர் வாழ்க்கையைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய கடுமொழிகளுக்கு வித்து அந்த மணலிலேதான் விழுந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றேன்.

162ஆம் ஆண்டில் அவர் உரோமாபுரியை அடைந்தார். அங்கு நடத்திய உடற்கூற்று விளக்கங்களும், பிறர் கைவிட்ட நோயாளரைக் குணமாக்கியமையும் அவர் புகழைப் பரப்பின, பகைவரையும் பெருக்கின. அவற்றையெல்லாம் விரிப்பின் பெருகும். நம் பொருளுக்கு ஏற்ற இரு நிகழ்ச்சிகளை மட்டும் கூறுவேன்.

முதலாவது அவருக்கே நேர்ந்தது. முப்பத்தைந்து வயதிலே மற்பயிற்சிக் கூடத்திற் பயிலும்போது அவருடைய தோளில் அடிபட்டது. அங்கிருந்த பயிற்சியாளன் புயவெலும்பு குழியினின்றும் விலகிவிட்டது என எண்ணி, கையைப் பற்றி இழுத்து உள்ளே தள்ள முற்பட்டான். கலென் வேதனையிடையே தம் அக்குளைத் தாமே தடவிப் பார்த்தார். எலும்பின் தலை அங்கே இல்லை. ஆகவே மூட்டு விலகவில்லை. காறையெலும்பின் வெளிமுனை தோளுச்சியினின்றும் பிரிந்துவிட்டது என உணர்ந்து, இழுப்பதை நிறுத்துமாறு கட்டளையிட்டார். இவ்விரண்டையும் வைத்தியர் மாறிக் கொள்வர் என ஹிப்போக்கிரட்டீஸ் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தார். கற்ற பாடம் தம் உடலிலேயே பயன்பட்டது. உயர்ந்து நின்ற எலும்பை அழுத்தி இறுகக் கட்டுவித்து, பலரால் தாங்கவொண்ணாத அக்கட்டை நாற்பது நாள் வரை பொறுத்திருந்து முற்றக் குணமானார். இன்று இக்காயம் உதைபந்தாட்டத்திலும் சைக்கிளோட்டத்திலும் தோள் நிலத்தில் மோத விழுவோர்க்கு அடிக்கடி உண்டாவதொன்று. அதில் இலேசானவற்றைச் சத்திரசிகிச்சையின்றிக் கையைத் தாங்கிக் கட்டி ஆற்றுவதே இப்போதும் முறை. எலும்பைத் தொட்டறியாமல் உடனே இழுத்துவிடும் பயிற்சியாளர் வருக்கமும் இன்னும் அற்றுப்போகவில்லை. நம் ஊரின் நல்ல முறிவு நெறிவு வைத்தியர்கள் முதலில் விரலாலே தடவித் தடவிப் பார்ப்பதை இங்கு நினைவு கூரலாம்.

இரண்டாவது பௌசானியாஸ் என்னும் சிரிய நாட்டுச் சொற்பொழிவாளரின் வரலாறு. அவருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலிற் பாதியும் உணர்ச்சியற்றுப் போயின. வைத்தியர்கள் விரல்களில் மருந்திட்டு மருந்திட்டுச் சலித்தனர். கலென் விரலைப் பார்ப்பதன் முன்னர், இதற்கு முன் எங்கேனும் அடிபட்டதோ என்று வினாவினார். பயணத்திலே வண்டியினின்றும் வீழ்ந்து முதுகின் மேற்பாகம் கல்லில் மோதியதென்றும், அந்நோவு அப்போதே தீர்ந்ததென்றும் தெரியவந்தது. அவ்விரல்களுக்குச் செல்லும் நரம்பு கழுத்தெலும்புகளிற் கடைசியானதன் கீழிருந்து புறப்படுகின்றது என்பதை விலங்குகளை ஆராய்ந்து அவர் அறிந்திருந்தார். விரலில் இட்ட அதே மருந்தை முதுகெலும்பின் அவ்விடத்தில் இடச் செய்தார். உணர்ச்சி மீண்டது. மருந்தால் மீண்டதோ, ஓய்வால் மீண்டதோ, அதனை வைத்தியர்களே ஆராய்க. நோவு தோன்றும் இடம் வேறு, கேடு உற்ற இடம் வேறாதல் கூடும் என்று கண்டதே இங்குச் சிறப்பு.

உடற்பயிற்சி பற்றியும் அவர் பல எழுதினார். உடல்நலம் பேணலைப் பற்றிய பெருநூலில், பயிற்சிக்கு முன் துணியாலும் பின் எண்ணெயாலும் உடலைத் தேய்த்துச் சூடாக்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுக என்றும், பயிற்சி முடிந்தபின்னும் தேய்த்து இளைப்பாறச் செய்க என்றும் விதித்தார். அளவு கடந்த பயிற்சியால் வரும் அலுப்பையும் அவர் ஒரே பொருளாகக் கொள்ளவில்லை. புண்பட்டாற் போன்ற அலுப்பு, முறுக்கேறினாற் போன்ற அலுப்பு, வீங்கி எரிவது போன்ற அலுப்பு என வேறு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பரிகாரம் கூறினார். மறுநாட் பயிற்சி எவ்வளவு என்பதை முந்தின நாளின் அலுப்பைக் கொண்டே முடிவு செய்யவேண்டும் என்னும் கருத்து அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. திடீரெனப் பயிற்சியை மிகுத்தலாற் காயங்கள் பெருகும் என்று இக்கால ஆய்வாளர் சொல்வதை எண்ணுக.

சிறு பந்தாட்டத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலொன்று படிக்க இனியது. வேட்டைக்கு வலையும் நாயும் குதிரையும் வேண்டும்; பந்துக்கு அவை வேண்டாம்; ஏழையும் ஆடலாம். கண், கை, கால், முதுகு யாவும் ஒருங்கே பயிலும், அறிவும் விழிப்படையும். அதன்மேல் மற்ற விளையாட்டுக்களின் ஆபத்துக்களை நிரையாக எடுத்துரைக்கின்றார். கடுமையாக ஓடிக் குருதிக் குழாய் வெடித்து மாண்டவர் உளர். குதிரையோட்டத்தாற் சிறுநீரகப் பக்கம் சிதைந்தவர் உளர். மற்பயிற்சியால் முடமானோரும் உறுப்புக் கோணினோரும் உளர். எந்த விளையாட்டு எந்த உறுப்பைக் கெடுக்கும் என்று ஆய்ந்து, ஆபத்தை நோக்கி விளையாட்டைத் தெரிவு செய்க என்னும் இந்நோக்கு அக்காலத்துக்கு மிகப் புதியதென்றே கூறலாம்.

தொழிலாக மெய்வல்லுநராய் வாழ்வோரை அவர் சிறிதும் விடவில்லை. இளைஞரைக் கலை பயிலத் தூண்டும் நூலொன்றில், பொங்கப் புசித்து, பொழுதெல்லாம் பயின்று, மிச்ச நேரம் உறங்கும் இவர்கள் உடல்நலத்தின் எல்லையைத் தாண்டி நோயின் வாயிலில் நிற்கின்றனர் என்றும், களத்தை விட்டபின் பல்லிழந்து உறுப்புத் தளர்ந்து மெலிவர் என்றும் இடித்துரைக்கின்றார். இது மிகைபடக் கூறல் என்றே நினைக்கின்றேன். அளவறிந்து பயின்று முதுமையிலும் நிமிர்ந்து நடப்போரை நாம் கண்டிருக்கின்றோம். ஆயினும் ஒரு வெற்றிக் கேடயத்துக்காகக் காயப்பட்ட பிள்ளையைக் கட்டுப்போட்டுக் களத்துக்கு அனுப்பும் வழக்கம் உள்ளவரை அக்கடுமொழி முற்றும் வீணாகாது.

166ஆம் ஆண்டில் ஊர் சென்ற அவரைப் பேரரசர் மார்க்கஸ் ஒரேலியஸ் திரும்ப அழைத்தார். போர்முனைக்குச் செல்ல அவர் விரும்பவில்லை; அஸ்கிளேப்பியஸ் தடுத்தார் என்று கூறி விலகி, இளவரசன் கொம்மோடஸின் வைத்தியராய்த் தங்கினார். விதியின் விளையாட்டை என்னென்பது! அந்த இளவரசனே 180இல் தனிப் பேரரசனானபின் வாளேந்திக் களரியில் இறங்கி மல்லனாய் ஆடினான். 192ஆம் ஆண்டின் கடைசி நாளில் மல்லன் ஒருவனாலேயே கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தான். அதே ஆண்டில் உரோமாபுரியில் எழுந்த பெருந்தீயிலே, கலென் பண்டகசாலையிற் சேமித்திருந்த நூல்களும் மருந்துகளும் கருவிகளும் சாம்பராயின. அவ்விழப்புக்கு வருந்தாதிருத்தல் பற்றி அவர் எழுதிய கடிதம் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 2005ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகர மடமொன்றின் ஏட்டுச் சுவடியிற் கண்டெடுக்கப்பட்டது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மறைந்தார் என்பர்.

எரிந்தவை போக எஞ்சியவையே 1821 முதல் 1833 வரை ஜெர்மனியில் அச்சானபோது இருபது தொகுதிகளுக்கு மேலாயின. அராபியர் அவரை ஜாலீனூஸ் என அழைத்து, அவர் நூல்களை மொழிபெயர்த்துப் போற்றினர். நம் நாட்டிலும் வழங்கும் யூனானி வைத்தியம் அவ்வழி வந்ததே. யூனானி என்பதன் பொருள் கிரேக்கருடையது என்பதாம். மனித உடலை அறுத்தாராய இயலாத காலத்தில், குரங்கிலும் பன்றியிலும் கண்டதை மனிதனுக்கு ஏற்றியதாற் பிழைகள் பல அவர் நூல்களிற் புகுந்தன. அவற்றை வெசேலியஸ் 1543இலும், இரத்தவோட்டம் பற்றி ஹார்வி 1628இலும் திருத்தினர். அதுகாறும் ஆயிரத்து முந்நூறாண்டுக்கு மேலாக அவர் சொல்லே வேதவாக்காயிருந்தது. எதையும் கண்ணாற் கண்டு தெளிக என்றவரின் நூலை, காணாமலே நம்பினர் பின்வந்தோர்.

பெர்கமுவின் தெற்கே உள்ள எபேசு நகரில், 1993ஆம் ஆண்டில் வாள்மல்லர்களின் இடுகாடொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. கலென் தொட்ட உடல்கள் அங்கே உண்டென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதே மாகாணம், அடுத்தடுத்த காலம். அவ்வெலும்புகளை ஆராய்ந்த வியன்னா அறிஞரும் பேர்ண் அறிஞரும், தானியமும் பருப்பும் மிக்க உணவையே அம்மல்லர் உண்டனர் என்று 2014இல் வெளியிட்டனர். எலும்பிலே காணப்பட்ட ஒரு தாதுவின் மிகுதியைக் கொண்டு, தாவரச் சாம்பல் கரைத்த பானமொன்றையும் அவர்கள் பருகியிருத்தல் வேண்டும் என ஊகித்தனர். அங்குக் கிடைத்த மண்டையோடுகள் சிலவற்றில் ஆயுதம் பட்ட வடுக்கள் உள்ளன. உயிர் போக்கிய வெட்டுக்களும் அவற்றுள் உண்டு. வேறு சில வடுக்களோ, வெட்டுண்ட விளிம்புகள் மழுங்கி, எலும்பு மீண்டும் வளர்ந்து மூடி, அக்காயத்தின் பின்னும் அம்மனிதன் நெடுநாள் வாழ்ந்தான் என்பதைக் காட்டுகின்றன.